தேசிமரத்தடியில் ஊற்றிய தண்ணீர்

அந்தத் தேசிமரத்தைக் கொன்றவள் நான். தெரியாமல் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மரத்துக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. வற்றாப்பளைக்குப் போகும் பாதையில், கிளாக்கர் ஐயாவின் வளவில், கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில் நின்ற மரம் அது. என் தலையைவிடக் கொஞ்சம்தான் உயரம். தேசி என்றால் எலுமிச்சை. முள்ளுக்கும் குறைவில்லை, காய்க்கும் குறைவில்லை. ஒரு வைகாசி மாதத்தில் இரண்டு வாளி தண்ணீரை அதன் அடியில் ஊற்றினேன். ஆனி பிறக்கும்போது இலைகள் சுருண்டன. ஆடியில் வெறும் சுள்ளியாக நின்றது. அது ஆயிற்று அறுபது வருஷத்துக்கு மேல். இன்றைக்கும் யாராவது தேசிக்காயை வெட்டும் மணம் வந்தால் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

நான் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்திருந்த மருத்துவமாது. இருபத்தேழு வயது. ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, எனக்கென்று ஒரு அறையும் குசினியும் கொண்ட அரசாங்கக் குவாட்டர்ஸ். காடு வெட்டிக் குடியேறிய சனம். பிள்ளைப்பேறு எந்த நேரத்தில், எந்தக் குடிசையில் வரும் என்று சொல்ல முடியாது. மணல் பாதையில் சைக்கிள் ஓடாது, தள்ளித்தான் போகவேண்டும். அந்த நான்கு வருஷத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது முகங்கள் அல்ல, களைப்புத்தான். நின்றபடி சாப்பிட்டிருக்கிறேன், இருந்தபடி நித்திரை கொண்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியத்துக்குக் களைப்பையும் ஒரு சாட்சியாக அழைக்க எனக்கு ஆசை. ஆனால் உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நான் களைத்திருக்கவில்லை. அன்றைக்கு நல்ல உற்சாகத்தோடு இருந்தேன்.

என் குவாட்டர்ஸுக்கும் கிளாக்கர் ஐயாவின் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி மட்டும்தான். ஐயா வடமராட்சிப் பக்கத்தவர். சின்ன வயதில் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து ஒரு கப்பல் கம்பனியின் கிளாக்கராகச் சைகோனுக்குப் போனவர். இருபது வருஷம் அங்கே. கல்யாணமும் அங்கே. பிரெஞ்சுக்காரர் அந்த நாட்டைவிட்டுப் போன பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஊரில் சொந்தக்காரர் அவரை வாசலில் வரவேற்றார்கள், மனைவியைக் குசினிக்குள் விடவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வன்னியில் காணி எடுத்து வந்துவிட்டார். இங்கே எல்லோரும் வந்து குடியேறியவர்கள். யாருக்கும் யாருடைய பூர்வீகத்தையும் விசாரிக்க நேரம் இருக்கவில்லை.

அவருடைய மனைவியைச் சனங்கள் சைகோன் அக்கா என்றார்கள். சிறிய உருவம். சேலையைக் கணுக்காலுக்கு மேலேதான் கட்டுவார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தமிழை ஒரு மாதிரி இழுத்து, ஏற்றி இறக்கிப் பேசுவார். "பிள்ளை" என்று வேலிக்கு மேலால் அவர் கூப்பிட்டால் பாட்டுத் தொடங்குவது போல இருக்கும். எங்கள் குழம்பெல்லாம் பழகிவிட்டார், புட்டும் அவித்தார், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனார். ஒன்றை மட்டும் விடவில்லை. சாப்பாட்டுக்கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர். மீனில் வடித்த உப்புத் தண்ணீரோடு தேசிப்புளி, சீனி, கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர், நசுக்கிய உள்ளி, வட்டமாக அரிந்த பச்சை மிளகாய். அவித்த இறாலோ வெள்ளரிக்காயோ எது கிடைத்தாலும் அதில் தோய்த்துத்தான் வாயில் வைப்பார். அவர்களுடைய பாஷையில் அதற்கு நுவொக் சம் என்று பெயர். எங்கள் வாயில் அது சம்பல் தண்ணி ஆகிவிட்டது. மீன் தண்ணீரைப் போத்தல் போத்தலாகச் சைகோனிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்தார்.

ஒருநாள் எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். மணம் மூக்கில் ஏறியதும் நான், "இண்டைக்கு விரதம் அக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதனுக்கும் விரதமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ஐயாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு வற்புறுத்தவேயில்லை. கடைசிப் போத்தலும் முடிந்தபோது அதைக் கழுவித் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்தார்.

ஒரு மார்கழிக் காலை அக்கா கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலப் பக்கம் முழுதும் போய்விட்டது. கூடவே தமிழும் போய்விட்டது. கடைசியாக வந்த பாஷை முதலாவதாகப் போனது. ஐயாவுக்கோ அந்தப் பாஷை பாதி மறந்துவிட்டது. வன்னிக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் தமிழ்தான் பேசவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அக்காதானாம். இப்போது அவர் கட்டிலில் கிடந்து பேச, ஐயா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, காது கேளாதவர் போலக் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

அக்கா ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நுவொக். நுவொக். ஐயாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. தண்ணீர். நான் பேணியில் தண்ணீர் கொண்டுபோய் உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பினார். சுடுதண்ணீர் வைத்தேன். இளநீர் வைத்தேன். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள் ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவையின்ர பாசையிலை தண்ணிக்கும் நுவொக்தான், ஊருக்கும் நுவொக்தான் பிள்ளை. இவா எதைக் கேக்கிறா எண்டு எனக்குப் பிடிபடுதில்லை. ஊரைக் கேட்டா எண்டா நான் எங்கை போறது?"

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தன் இடக் கையை மெல்லத் தூக்கினார். மூன்று விரல்களைக் கூட்டி, காற்றில் எதிலோ தோய்த்து, வாயருகே கொண்டுபோனார். ஐயா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், இரண்டு பெட்டி நெத்தலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். தன் வாழ்நாளில் குசினியில் ஒரு சட்டியைக் கூட நகர்த்தியறியாத ஐயா, பின்பக்கத்துத் தாழ்வாரப் பத்தியில் குந்தியிருந்து, ஒரு பெரிய மண்ணிறச் சாடிக்குள் நெத்தலியும் உப்பும் மாறி மாறி அடுக்கினார். மேலே ஓலைத் தட்டி வைத்து, அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்தார். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

"சாடி போடுறியளோ ஐயா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, சாடிதான். அவாவுக்கு. ஆவணி மட்டிலை சரிவரும்."

இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த கதை. இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் சாடி போடுவது என்றால் மீனை உப்பில் அடுக்கி வைத்துப் பிறகு அந்த மீனை எடுத்துச் சாப்பிடுவது. ஊறும் தண்ணீரை அவ்வப்போது வடித்துக் கொட்டிவிடுவோம். கொட்டாவிட்டால் மீன் பழுதாகிவிடும். இது அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சைகோன் போத்தலில் வந்த மீன் தண்ணீரும் இப்படி ஊறித்தான் வருகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஐயா ஏன் விளக்கிச் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கூச்சமாக இருந்திருக்கலாம். அல்லது விரத நாளைப் புதன்கிழமைக்கு மாற்றிய ஒருத்திக்கு இதைச் சொல்லி என்ன பயன் என்று நினைத்திருக்கலாம்.

அக்கா சாப்பிடவில்லை. நாங்கள் கொடுத்த கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் எடுக்கவில்லை. கருவாட்டை அவித்து, இறாலை அவித்து, அந்தத் தண்ணீரில் தேசிக்காயைப் பிழிந்து ஐயா என்னென்னவோ செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அக்கா நுனி நாக்கால் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகுமுன்னும் பின்னேரம் வந்ததும் நான் வேலியால் நுழைந்து போய், ஐயா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அக்காவைத் தூக்கி இருத்தி, உடம்பு துடைத்து, சேலை மாற்றுவேன். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி என் கைகளுக்கு நிறை தெரியும். தராசு வேண்டாம். தையில் தூக்கியதற்கும் பங்குனியில் தூக்கியதற்கும் இருந்த வித்தியாசத்தை நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அவருடைய கைகளுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

ஒருநாள் அக்காவைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஐயா கேட்டார்: "பிள்ளை, ஆவணி மட்டும் இருப்பாவோ?"

"சாப்பிட்டா இருப்பா ஐயா."

"சாப்பிடுறதுக்குத்தானே ஆவணி வேணும்" என்றார்.

வைகாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி கட்டி மூச்சு வாங்கியது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் ஏறும் அவசரத்தில் ஐயா வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, "வளவைப் பாத்துக்கொள்ளுங்கோ பிள்ளை. கோழியளுக்கு ஏதும் போடுங்கோ" என்றார். எட்டு நாள் அங்கே நின்றார்கள். அந்த எட்டு நாளுக்குள் அம்மனுக்குக் கடல் தீர்த்தம் எடுக்கும் நாளும் வந்தது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் பொங்கல். அதற்கு முன் ஒரு வாரம் எண்ணெய்க்குப் பதிலாகக் கடல் தண்ணீரில் விளக்கெரியும். அந்த வாரம் அந்தப் பகுதி வீடுகளில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. அக்காவும் ஒவ்வொரு வருஷமும் வீட்டைக் கழுவி, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில். அவருக்காக நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சுகமாகித் திரும்பவேண்டும் என்று நேர்த்தியும் வைத்தேன்.

வீட்டைக் கழுவி முடித்துப் பத்திக்குப் போய்ச் சாடியின் மூடியைத் திறந்தேன். நாற்றம் நெற்றியில் அடித்தது. மீன் பாதி கரைந்து கிடந்தது. மேலே விளிம்புவரை கபிலத் தண்ணீர். ஐந்து மாதமாக ஒருதரம்கூட வடிக்கவில்லை! அட பாவி மனுசா, இதைப் போய் அந்தச் சீவனுக்குக் கொடுக்கப்போகிறீரோ என்று எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. குசினி தெரியாத ஆம்பிளை, பாவம், யாரைக் கேட்பார்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினேன். தண்ணீரை வடித்து இரண்டு வாளியில் எடுத்தேன். தூரக் கொண்டுபோய் ஊற்றப் பாரமாக இருந்தது. தேசிமரம் பக்கத்தில் நின்றது. மீன் கழுவிய தண்ணீர் மரத்துக்கு நல்லது என்ற எண்ணமும் இருந்தது. ஊற்றினேன். உருக்குலையாமல் இருந்த நெத்தலிகளைப் பொறுக்கிக் கழுவி, புது உப்புப் போட்டு, வேலிக்கு வெளியே ஓலைப்பாயில் காயவிட்டேன். வீட்டுக்குள்தானே மச்சம் கூடாது, வேலிக்கு வெளியே அம்மன் கேட்கமாட்டா என்று அவவோடு ஒரு பேச்சும் பேசி முடித்துக்கொண்டேன். சாடியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தபோது, நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்த நிறைவு எனக்கு இருந்தது. அந்த நிறைவுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அக்காவைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய கையோடு ஐயா பத்திப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போய்ப் பெருமையாகச் சொன்னேன்: "நல்ல வேளை ஐயா, நான் திறந்து பாத்தது. எல்லாம் தண்ணி விட்டுப் பழுதாகப் போச்சு. தண்ணியை வடிச்சு ஊத்திப்போட்டு மீனைக் காப்பாத்திப் போட்டன். அந்தா காயுது."

ஐயா கவிழ்த்திருந்த சாடியைப் பார்த்தார். பாயில் காய்ந்த மீனைப் பார்த்தார். தேசிமரத்தடியில் மண் கறுத்துக் கிடந்ததையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். பத்தித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். நல்லது பிள்ளை" என்றார். "களைச்சுப் போனீங்கள் போல கிடக்கு. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

நானும் இருந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு விஷயத்தைச் சொன்னவர் மீன்கார நானா. பொங்கல் முடிந்து மீன் வரத் தொடங்கிய முதல் நாள், சைக்கிளை என் படலையில் சாத்திவிட்டு, "ஐயா தண்ணி வடிச்சுட்டாரோ?" என்று கேட்டார்.

"நான்தான் வடிச்சு ஊத்தினன்" என்றேன்.

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஊத்தினீங்களோ? பிள்ளை, அந்த மீனை ஆரு தின்னுறது? அந்தத் தண்ணிதானே சாமான். ஆவணி வரைக்கும் பொறுக்க ஏலாது, ஆஸ்பத்திரியாலை வந்த உடனை கொஞ்சம் வடிச்சுப் பாக்கப்போறன் எண்டு என்னட்டைச் சொன்னவர்."

நான் வேலியால் நுழைந்து ஓடினேன். ஐயா குசினி வாசலில் குந்தியிருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதது நினைவிருக்கிறது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அழுது என்ன செய்யிறது. அந்த மீனைக் கொண்டுவாங்கோ. எனக்கு ருசி தெரியும், கை தெரியாது. உங்களுக்குக் கை தெரியும்" என்றார்.

நான் காப்பாற்றிய அந்த நெத்தலிகளைக் கழுவாமல் சட்டியில் போட்டு, கொஞ்சத் தண்ணீரில் வற்ற வற்றக் காய்ச்சினேன். துணியில் வடித்தேன். தேசிமரத்தில் இலைகள் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தன, காய்கள் தொட்டதும் கையோடு வந்தன. இரண்டு காய் பிழிந்தேன். சீனி போட்டேன். ஐயா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இன்னும் புளி என்றார், இன்னும் தண்ணி என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொருதரம் தொட்டு வைத்தார். நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். அன்றுதான் முதல்தரம். மூக்குக்கு ஒத்துவராத அது நாக்குக்கு நல்லாகவே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டிய ருசி.

அக்காவைத் தூக்கி இருத்தி, குழைந்த சோற்றை அதில் தோய்த்து ஐயா ஊட்டினார். ஒரு வாய். இரண்டு வாய். அக்கா கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார். மூன்றாவது வாயையும் விழுங்கினார். பிறகு புருவத்தைச் சுருக்கி, தன் பாஷையில் விடாமல் ஏதோ சொன்னார். ஐயா குனிந்து கேட்டார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னவாம் ஐயா?"

"இது சரியில்லையாம். ஆர் செய்தது எண்டு கேக்கிறா. தன்னைக் குசினிக்கு விடட்டாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் செய்தோம். ஒவ்வொரு நாளும் அக்கா குறை சொல்லிக்கொண்டே மூன்று வாய், நாலு வாய் சாப்பிட்டார். நெத்தலி முடியும்வரை அப்படிப் போனது. புதிதாகக் கருவாடு வாங்கிச் செய்ததை அவர் தொடவில்லை. சாடியில் ஐந்து மாதம் கிடந்த மீனில் ஏதோ ஒன்று மிச்சம் இருந்திருக்கவேண்டும். அந்த மிச்சத்துக்கே அவ்வளவு சாப்பிட்டார் என்றால், நான் மரத்துக்கு ஊற்றிய இரண்டு வாளிக்கு எவ்வளவு நாள் சாப்பிட்டிருப்பார் என்று நான் கணக்குப் பார்க்காத வருஷம் இல்லை. ஆடி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போது அக்கா செத்துப்போனார். அந்த நோய்க்கு எப்படியும் போயிருப்பார் என்று பிறகு எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நானும் மருத்துவம் படித்தவள்தான். அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அக்காவைத் தூக்கியது என் கைகள்.

அடுத்த தையில் எனக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். ஐயா கதிரையை முற்றத்தில் போட்டு, அந்தப் பட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் வெட்டவில்லை. அதில் துவாய்த் துண்டு காயப்போட்டிருந்தார். அத்தனை மாதமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் ஐயா என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை?"

அவர் நல்லவர், பெருந்தன்மையானவர், அதனால்தான் என்று நான் எனக்குள் பதிலை எழுதி வைத்திருந்தேன். ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஏசியிருந்தா நீங்கள் பிறகு வந்திருக்க மாட்டியள் பிள்ளை. அவாவைத் தனியத் தூக்கி இருத்த எனக்கு ஏலாது" என்றார். கோபமில்லை, அன்பென்றும் சொல்லமுடியாது. களைத்துப்போன ஒரு மனிதர் உள்ளதைச் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு அந்தப் பதில் எனக்குக் கசந்தது. மன்னித்தேன் என்று சொல்லியிருக்கலாமே என்று பல வருஷம் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்திருக்கிறேன்.

இப்போது வவுனியாவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன். இரண்டு முழங்காலும் போய்விட்டன. கட்டிலிலிருந்து எழும்ப, குளிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். காலையில் ஒரு பிள்ளை வந்து பார்க்கிறாள். ஜன்னலடியில் ஒரு தேசிக்கன்று வைத்திருக்கிறேன். நாலு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது, இந்த வருஷம்தான் பூத்தது. போன கிழமை அந்தப் பிள்ளை சோறு வடித்த கஞ்சியை ஆறவிடாமல், கொதிக்கக் கொதிக்க, சட்டியோடு கொண்டுபோய் அதன் அடியில் ஊற்றிவிட்டு வந்தாள். "கஞ்சித் தண்ணி நல்ல பசளை அம்மா, இனிப் பாருங்கோ எப்பிடிக் காய்க்குதெண்டு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. நேற்றுப் பார்த்தேன், இலைகள் ஓரத்தில் சுருளத் தொடங்கிவிட்டன.

இன்றைக்கு அவள் வந்ததும் நல்லாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று விடியவே யோசித்து வைத்திருந்தேன். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்து, "தேசிக்கண்டு எப்பிடி அம்மா, நல்லா வருதோ?" என்று கேட்டாள். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தேன்.

"ஓம். நல்லது பிள்ளை" என்றேன். "களைச்சுப் போனீர் போல கிடக்கு. இருந்து தேத்தண்ணி குடியும்."

"உங்களைத் தூக்கி இருத்திப்போட்டுக் குடிக்கிறன்" என்று சொல்லி, அவள் என் கைக்குள் தன் தோளைக் கொடுத்தாள்.